கவிழ்த்தால் நிற்க வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒழுகியது.

காலையில் ஆறு குப்பி, மதியம் ஆறு. ஒவ்வொன்றுக்கும் மூடியைத் திருகி, மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அத்தனையும் சளக்கென்று மூடிப்பக்கம் வந்து விழுந்தது. ஒன்றாவது மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். ஒரு மரியாதைக்காவது.

சாயங்காலம் வாண்டு கேட்டாள்: "நீ லேப்ல என்னம்மா பண்ற?" ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன சொல்வது? அவள் வகுப்பை வைத்தே சொன்னேன். தண்ணிக்குள்ள நிறையப் பிள்ளைங்க தனித்தனியா ஓடிட்டிருக்காங்க. ஒரு டீச்சர் வந்து இந்தப் பிள்ளை கையையும் அந்தப் பிள்ளை கையையும் சேர்த்துப் பிடிக்கிறாங்க. அந்தப் பக்கம் இன்னொரு டீச்சர். இப்படியே போனா நீளமா ஒரு வரிசை. நிறைய வரிசை ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டா யாராலயும் ஓட முடியாது, தண்ணியே அப்படியே நின்னுடும். பிள்ளைங்க நான் செஞ்ச மூலக்கூறு. டீச்சர் பேரு ஜிங்க்.

"இப்ப ஏன் நிக்கல?"

"டீச்சரைக் கொட்டோ கொட்டுன்னு கொட்டுறேன். யாரும் கை குடுக்க மாட்டேங்கிறாங்க."

"அப்ப அது நல்ல டீச்சர் இல்ல" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

மேடம் மேடையேறினால் இதையே 'உலோக அயனியைக் கண்டதும் தானாகச் சங்கிலியாகும், தண்ணீரில் கரையும் மீமூலக்கூறுப் பாலிமர்' என்பார். மேடம் என் கைடு. நாங்கள் வெறுமனே ஜெல் என்போம். நான்கு வருஷத்துக்கு முன்னால் அதை வைத்து ஒரு பேப்பர் வந்தது. முதலில் என் பேர், கடைசியில் மேடம் பேர். இப்போது இரண்டாவது பேப்பர் அனுப்பினால், அதைப் படித்துப் பார்த்த ரெஃப்ரீ ஒரே ஒரு வரி கேட்டிருக்கிறார்: புதிதாக ஒரு தடவை செய்து, பழைய முடிவு திரும்பவும் வருகிறதா என்று காட்டுங்கள். நியாயமான கேள்வி. சண்டாளன்.

என் ஆய்வேட்டின் முதுகெலும்பே அந்த ஜெல்தான். அது இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது முன்னுரையும் நன்றியுரையும். மே 31-ஆம் தேதி பிஎச்.டி. ரிஜிஸ்ட்ரேஷன் முடிகிறது, அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். பிரசவத்துக்கு ஒரு நீட்டிப்பு, லேப் இடம் மாறியதற்கு ஒரு நீட்டிப்பு, இரண்டும் வாங்கித் தின்றாயிற்று. ஆபீஸ் க்ளார்க் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இனிமே கடவுளே வந்து கையெழுத்துப் போட்டாலும் நடக்காதும்மா."

இந்தப் புதுக் கட்டடத்துக்கு வந்ததிலிருந்து ஜெல் நிற்கவே இல்லை என்று கொசு போன வருஷமே சொன்னாள். கொசு எனக்கு அடுத்துச் சேர்ந்தவள். காதுப்பக்கம் வந்து விடாமல் பேசுவதால் நான் வைத்த பேர், கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்க்கிறாள். நான் அப்போது வேறு வேலையில் இருந்தேன். அவள் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது என் கை?

மார்ச் 7, வெள்ளி

ஒழுகியது. தண்ணீர் மாதிரி. தண்ணீரேதான்.

மார்ச் 12, புதன்

இப்போது சந்தேகம் தண்ணீரின் மேல். பழைய கட்டடத்தில் நாங்களே காய்ச்சி வடித்த தண்ணீர். இங்கே சுவரில் மாட்டிய மெஷின், பட்டனைத் தட்டினால் வருகிறது. அதில் ஒரு தூசி தும்பு இருக்காது. அந்தச் சுத்தம்தான் வில்லனோ?

பழைய கட்டடத்தில் இப்போது விலங்கியல்காரர்கள் இருக்கிறார்கள். போய்க் கெஞ்சி, இரண்டு கேன் பிடித்து, பஸ்ஸில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் விடவில்லை. "என்னம்மா இது, பெட்ரோலா?" தண்ணீர் என்றேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "தண்ணிதான்ப்பா" என்று பஸ்ஸுக்கே அறிவித்தார். "உங்க வீட்டுப் பக்கம் தண்ணி வரலையா?" பின்னால் ஒருவர் ஐயோ பாவம் என்று எழுந்து இடம் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் உட்கார்ந்துகொண்டேன்.

பழைய தண்ணீரிலும் ஒழுகியது.

மார்ச் 19, புதன்

மூலக்கூறையே முதலிலிருந்து செய்கிறேன். இரண்டு முனையிலும் கந்தகம் வைத்த சாமான். வாடை சொல்லி மாளாது, அழுகின முட்டையும் பூண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. கையுறை போட்டாலும் தலைமுடியில் ஏறிக்கொள்கிறது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசி ஸ்டாப் வரை காலி. போன வாரம் இடம் கொடுத்த அதே ஜனங்கள்தான்.

இவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷர். எத்தனையோ கட்டடத்துக் குழிக்குள் இறங்கி வேலை செய்திருக்கிறார். அவரே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "செத்த எலியெல்லாம் எவ்வளவோ தேவலாம்" என்றார். வாண்டு "அம்மா நாறுது, அம்மா நாறுது" என்று ராகம் போட்டாள். விளையாட்டுக்குத்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "வாயை மூடு!" என்று கத்திவிட்டேன். குழந்தை அப்பா முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நான் எப்போது இப்படி ஆனேன்?

மார்ச் 28, வெள்ளி

புதிதாகச் செய்ததிலும் ஒழுகியது.

ஜிங்க்கை மாற்றினேன், வேறு கம்பெனி உப்பு. ஒழுகியது. கூடப் போட்டேன், குறைத்துப் போட்டேன். ஐஸில் வைத்தேன், வெயிலில் வைத்தேன். கொசு கழுவித் தந்த குப்பியை நம்பாமல் நானே மறுபடி கழுவினேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

மேடம் சொன்னார்: "உனக்கு அவசரம். அவசரக் கையில ஜெல் நிக்காது." அவர் மேஜையில் முதல் குப்பி இருக்கிறது. நான் செய்ததில் முதன்முதலாக நின்றது. கவிழ்த்தபடியே ஒரு சின்ன மரத்தட்டில் வைத்திருக்கிறார். அப்போது கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது கறுத்துப்போய்ப் பால் விடாத டீ நிறம். யாராவது கேட்டால், "வயசாச்சு. நமக்கு மட்டும் நரைக்கலையா" என்பார். வருகிற ஜூனில் மேடம் ரிட்டயர் ஆகிறார்.

அந்தக் குப்பியைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. அப்போ நான் பார்த்தது பொய்யில்லை. நின்றது நிஜம். ஒரு காலத்தில் எனக்கு எல்லாம் நின்றது.

ஏப்ரல் 3, வியாழன்

ஆத்திரத்தில் கண்ணாடிக் கோலை ஓங்கி வைத்தேன். அது பக்கத்தில் இருந்த எலக்ட்ரோடு மேல் பட்டு, முனைக் குமிழ் டப்பென்று போய்விட்டது. கரைசல் எவ்வளவு புளிப்பு என்று அளக்கும் மீட்டரோடு சேர்ந்த கண்ணாடிக் குச்சி அது. ஜிங்க் போட்டால் எங்கள் கரைசலில் புளிப்பு ஏறும். குச்சியை உள்ளே முக்கி, ரீடிங்கைப் பார்த்துக்கொண்டே சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டுச் சரிசெய்ய வேண்டும். அது இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. புதுசு வர மூன்று வாரம் ஆகுமாம்.

கொசுதான் இடம் மாறியபோது கட்டிய பெட்டியைக் குடைந்து பழைய குச்சி ஒன்றை எடுத்து வந்தாள். நுனியில் உப்புப் பூத்து, பக்கவாட்டில் மயிரிழை விரிசல். "ரீடிங் கொஞ்சம் ஆடுதுக்கா. நம்ம இருக்கிற லட்சணத்துக்கு இது போதும்" என்றாள். ராத்திரி ரயிலில் ஊருக்குப் போகிறாள், அவள் அக்காவுக்குப் பிரசவம். கிளம்பும்போது, "நான் திரும்பி வர்றதுக்குள்ள நிக்க வெச்சிடுங்க, எனக்கும் சேர்த்து" என்றாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

நின்றது.

நின்றது நின்றது நின்றது!

நான்கு குப்பி, நான்கும். கவிழ்த்தேன், குலுக்கினேன், மேஜையில் தட்டினேன். ம்ஹூம், அசையவில்லை. கண்ணாடி மாதிரி. நான் போட்ட கூச்சலில் பக்கத்து லேப்காரர்கள் தீ பிடித்துவிட்டதென்று ஓடி வந்தார்கள். மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நான்தான் சொன்னேனே, சொன்னேனே" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருக்கும் கண் கலங்கியது. ரொம்ப நாளாக அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

வரும் வழியில் வாண்டுவுக்குப் பெரிய கேக் வாங்கினேன். இவர் என்னை அலாக்காகத் தூக்கிச் சுற்றினார். "வெயிட் போட்டிருக்க டாக்டரம்மா" என்றார். டாக்டரம்மா! போடா.

எந்தச் சாமி கண் திறந்ததோ. எல்லாச் சாமிக்கும் பொதுவாக ஒரு நன்றி.

ஏப்ரல் 8, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ரெஃப்ரீக்குப் படம் எடுக்க எல்லாவற்றையும் பளிச்சென்று அடுக்கினேன். ஜிங்க் போட்ட குப்பி, ஜிங்க் போடாத குப்பி. போடாதது ஒழுக வேண்டும், போட்டது நிற்க வேண்டும், அப்போதுதான் ஜிங்க்கால் நின்றது என்று அர்த்தம். இந்தத் தடவை ஒரு குறையும் சொல்லக் கூடாது என்று, போடாத குப்பியையும் அதே குச்சியை முக்கி அளந்து வைத்தேன். படத்தில் இரண்டுக்கும் ஒரே எண் இருந்தால் அழகாக இருக்குமே என்றுதான்.

கவிழ்த்தேன்.

போடாததும் நின்றது.

முதலில் குப்பி மாறிவிட்டது என்றே நினைத்தேன். மறுபடி செய்தேன். நின்றது. வெறும் மூலக்கூறு, வெறும் தண்ணீர், ஜிங்க் என்ற பேச்சே இல்லை, கல்லு மாதிரி நிற்கிறது. குச்சியை முக்காமல் ஒன்று வைத்தேன். ஒழுகியது.

குச்சி. குச்சிதான். அதன் விரிசல் வழியாக எதுவோ கசிகிறது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் என்ன செய்தேன்? ஜிங்க் போட்ட குப்பியில் புளிப்பு ஏறியது, அதனால் இதே குச்சியை முக்கிச் சரிசெய்தேன். போடாத குப்பியில் சரிசெய்ய ஒன்றும் இல்லை, அதனால் முக்கவில்லை. அது ஒழுகியது, இது நின்றது. ஆஹா ஜிங்க், ஓஹோ ஜிங்க் என்று குதித்தேன். மேடம் குதித்தார். அச்சில் போட்டார்கள். இந்தக் கட்டடத்துக்கு வந்ததும் விரிசல் இல்லாத வேறு குச்சி, ஒன்றும் நிற்கவில்லை. ஐயோ.

ஏப்ரல் 9, புதன்

அந்தக் குச்சிக்குள் என்ன இருக்கும் என்று முதல் வருஷப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வெள்ளிக் கம்பி, அதைச் சுற்றி உப்புத் தண்ணீர். கந்தகத்தைக் கண்டால் வெள்ளி விடாது, ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். வெள்ளி உப்பில் ஒரு துளி, சாதா உப்பில் ஒரு துளி, இரண்டையும் என் கரைசலில் விட்டேன். குச்சியைத் தொடவே இல்லை.

கண் முன்னால் கெட்டியானது. கவிழ்க்கவே வேண்டியிருக்கவில்லை.

மேடம் மேஜையில் இருக்கும் குப்பி கறுத்தது வயசாகி அல்ல. வெள்ளி வெளிச்சம் பட்டால் கறுக்கும். இத்தனை வருஷம் தினமும் அவர் கண் முன்னால் உட்கார்ந்துகொண்டு அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் நரை என்று சிரித்தோம்.

ஏப்ரல் 11, வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். எல்லாக் குப்பியையும் தட்டில் வைத்து எடுத்துப்போய், ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினேன். பாதியிலேயே புரிந்துவிட்டது அவருக்கு. கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல மேடம்."

"சொல்லாத. இப்ப வேண்டாம். நான் ஜூன்ல போயிடுவேன், அதுக்கப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ." பிறகு மெதுவாக, "அந்தப் பழைய எலக்ட்ரோடை வெச்சே படம் எடுத்து அனுப்பு. ஜிங்க் போட்டுத்தானே எடுக்கிற? நின்னுச்சுதானே? அதுல என்ன பொய்?"

கவிழ்த்த குப்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தேன்.

"நீ வெள்ளின்னு ஆரம்பிச்சா எல்லாத்தையும் முதல்லேர்ந்து அளக்கணும். ஒரு வருஷம் ஆகும். உனக்கு ஒன்றரை மாசம்தான் இருக்கு. பட்டம் வேணுமா வேண்டாமா?"

வேண்டும். வேண்டும் என்று கத்தியிருப்பேன். குழந்தை நடக்க ஆரம்பித்ததை நான் வீடியோவில்தான் பார்த்தேன், அன்றைக்கு லேபில் இருந்தேன். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

வெளியே வரும்போது, "எனக்குன்னு சொல்லிக்க இந்த ஒரு ஜெல்தான்மா இருக்கு" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

படம் எடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "இதனால யாருக்காவது அடி படுமா? லிஃப்ட் மாதிரி அறுந்து விழுமா?" விழாது என்றேன். "அப்ப அனுப்பித் தொலை. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எங்களால குடும்பம் நடத்த முடியல." கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியாது. எத்தனை வருஷமாகக் குழந்தையைக் குளிப்பாட்டித் தலை சீவிப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவர்தான்.

அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். 'ஜிங்க் அயனி சேர்த்ததும்' என்று ஆரம்பித்தேன். அடித்தேன். மறுபடி அதையே எழுதினேன். இப்படியே பொழுது போனது.

ஏப்ரல் 23, புதன்

கொசு வந்துவிட்டாள். அக்காவுக்குப் பெண் குழந்தையாம், போனில் காட்டிய படம் பூராவும் ஒரே சிவப்பு மூஞ்சி. "உங்களுக்கு நின்னுடுச்சாமே! மேடம் சொன்னாங்க! எப்படிக்கா, எப்படி?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பொறுமையா பண்ணு, வரும்" என்றேன்.

நான்தான் சொன்னேன். பொறுமையா பண்ணு, வரும். என் வாயாலேயே.

புது எலக்ட்ரோடு நேற்றே வந்து மீட்டரில் மாட்டியாயிற்று. பழையது என் டிராயரில், பூட்டி.

ஏப்ரல் 28, திங்கள்

கொசுவுக்கு ஒழுகுகிறது. நேற்று முன்தினமும் ஒழுகியது, இன்றும் ஒழுகியது. நான் எழுதிக் கொடுத்த முறையை அட்சரம் பிசகாமல் செய்கிறாள். ஒழுகாமல் என்ன செய்யும்? அடுத்த வாரம் அவள் வேலையைக் கமிட்டி பார்க்க வருகிறது. காட்ட ஒன்றும் இல்லை.

மதியம் கழுவுதொட்டிப் பக்கம் போனேன். சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைக் கழுவுகிற மாதிரி பாசாங்கு. பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

"நான் இந்த வேலைக்கு லாயக்கு இல்லக்கா. உங்க கையில நிக்குது. அதே குப்பி, அதே தண்ணி, என் கை பட்டா ஒழுகுது. வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்குறேன். அப்பாகிட்ட பேசிட்டேன்."

தட்டிக்கொடுத்தேன். முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

சீ.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் அவள் பையில் தன் கோட்டையும் டீ கப்பையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கப்பைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. டிராயரைத் திறந்து பழைய குச்சியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "இதை முக்கிப் பாரு. ஜிங்க் போடாத. வெறும் கரைசல்ல முக்கு" என்றேன்.

"எதுக்கு?"

"முக்குடீ."

முக்கினாள். கொஞ்ச நேரம் வைத்து, மூடி, கவிழ்த்தாள். நின்றது. முதலில் வாய்விட்டுச் சிரித்தாள், "அய்யய்யோ அக்கா, நிக்குது, நிக்குது!" என்று. அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றது. கெட்டிக்காரி. குச்சியைப் பார்த்தாள், விரிசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நீ ஊர்ல இருந்தப்ப."

"நேத்து நான் அழுதப்பவே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், என் கஷ்டம் உனக்கென்ன தெரியும், மே 31, குழந்தை, அது இது என்று. அவள் கத்தவில்லை. "என் கையையே வெட்டிப் போடலாம்னு இருந்துச்சு எனக்கு" என்றாள், அவ்வளவுதான். குப்பியை என் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாள். பையை எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஏப்ரல் 30, புதன்

மேடத்திடம், பத்திரிகைக்கு எழுதி அந்தப் பேப்பரைத் திரும்பப் பெறப் போகிறேன் என்றேன்.

"உன் பேர்தான் முதல்ல இருக்கு. விழுந்தா முதல்ல விழுறது நீ."

"தெரியும் மேடம்."

"அந்த அத்தியாயம் இல்லாம உன் தீசிஸை எந்தக் கமிட்டியும் தொடாது."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்றது, ஹரிச்சந்திரன் வேஷமா?" என்று சீறினார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "கொசு மூட்டை கட்டிட்டா மேடம். அடுத்து இன்னொரு பிள்ளை வரும், அதுவும் இதே ஜிங்க்கைப் போட்டுக் கிடந்து அழும். எத்தனை பேர் கையை நாம குறை சொல்றது?" என்று கேட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து நான் பேசியதே இல்லை.

நான் நீட்டிய கடிதத்தைத் தள்ளி வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. இரண்டு பேரும் போட்டால்தான் செல்லும்.

மே 9, வெள்ளி

மேடம் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. படம் என்னிடம் தயாராக இருக்கிறது. இப்போது அனுப்பினாலும் நேரம் இருக்கிறது. தினமும் காலையில் பஸ்ஸில் ஏறும்போது அனுப்பிவிடலாம் என்று தோன்றுகிறது, இறங்கும்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. பைத்தியம் பிடித்துவிடும்.

கொசு வருகிறாள். தன் வேலையைப் பார்க்கிறாள். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. வெள்ளியை அளந்து அளந்து போட்டுப் பார்க்கிறாள், தினமும் நிற்கிறது.

மே 14, புதன்

மேடம் கூப்பிட்டார். மேஜையில் தாள் இருந்தது, கையெழுத்துப் போட்டு. "இதைக் கொண்டு போ, நான் மனசு மாறுறதுக்குள்ள" என்றார். வேறு பேச்சு இல்லை. மரத்தட்டு காலியாக இருந்தது. குப்பி எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அனுப்பிவிட்டேன். பட்டனை அழுத்தியதும் பெரிய நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

இவரிடம் சொன்னேன். "சரி விடு. நீ போலி ரிப்போர்ட் எழுதிட்டு வீட்ல நிம்மதியா தூங்குற ஆளா என்ன? எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அப்பவே தெரிந்தவர் ஏன் அனுப்பித் தொலை என்றாராம்? கேட்டேன். "உனக்காகச் சொன்னேன், போ" என்று எரிந்து விழுந்தார். இரண்டு பேரும் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.

மே 31, சனி

முடிந்தது. க்ளார்க் என் அடையாள அட்டையை வாங்கி, மூலையைக் கத்தரித்துவிட்டுக் கையில் கொடுத்தார். "ஞாபகத்துக்கு வெச்சுக்கங்க" என்றார். நல்ல மனுஷர்தான்.

இத்தனை வருஷம். ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். போன் வந்தது, எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பெயிண்ட் கம்பெனியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. டப்பாவில் அடைக்கும் முன் பெயிண்ட் ஓடுகிற பதத்தில் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. இங்கே எல்லாம் ஒழுக வேண்டும். ஒழுகினால்தான் பாஸ். முதல் நாள் இதைக் கேட்டதும் எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கொசு மெசேஜ் அனுப்பியிருந்தாள், ஒரே வரி: 'வெள்ளி எவ்வளவு குறைந்தாலும் நிற்கிறது, பேப்பரில் உங்கள் பேரையும் போடப்போகிறேன்.' அக்கா என்று இல்லை. 'போடு' என்று பதில் அனுப்பினேன்.

சாயங்காலம் அம்மாவின் போன். எடுத்ததுமே ஒரே குஷி. "உன் பேரு மறுபடி அந்தப் புஸ்தகத்துல வந்திருக்காமே! தம்பி கம்ப்யூட்டர்ல காட்டினான். முதல் பேரே உன்னுதாம். இங்க பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என்னன்னு எழுதியிருக்க? அவனுக்குப் படிச்சுச் சொல்லத் தெரியல."

பேப்பரைத் திரும்பப் பெற்ற அறிவிப்பு. இன்றுதான் வெளியாகியிருக்கிறது. எனக்கே தெரியாது.

ஒரு நிமிஷம், ஆமாம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை.

"முன்னாடி நாங்க சொன்னது தப்பும்மா. அது தப்புன்னு அதுல எழுதியிருக்கோம்."

"தப்புன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தம்பியைக் கூப்பிட்டு அதை அணைக்கச் சொன்னாள். "அப்ப பட்டம்? என்னைக்குன்னு முன்னாடியே சொல்லு, நான் டிக்கெட் போடணும்."

"பட்டம் இல்லம்மா. மே மாசமே முடிஞ்சிடுச்சு. நான் உன்கிட்ட சொல்லல."

அழுகிறாளோ என்று பயந்துபோய் அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன், இருக்கேன். யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள். "மாடி வீட்டுக்காரி ஆறு மணிக்குக் கதவைச் சாத்திடுவா. அதுக்குள்ள போய், என் பொண்ணு டாக்டர் இல்ல, நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"நீ ஏம்மா போய்ச் சொல்ற? அதெல்லாம் வேண்டாம்."

"நீ ஊரறிய அச்சுல போட்டிருக்க. எனக்கு மூணு வீடு ஏறி இறங்க முடியாதா? வை போனை."

வைத்துவிட்டாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வாண்டு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தாள்.

எட்டு மணிக்கு மறுபடி அம்மா கூப்பிட்டாள். மூன்று வீட்டிலும் சொல்லியாயிற்றாம். மாடி வீட்டுக்காரி உட்காரவைத்து டீ கொடுத்தாளாம்.